பட்டாளம் மிதிக்காத வாசற்படி

அன்பும் மரியாதையும் மிக்க சித்தப்பா அவர்களுக்கு,

உங்கள் அண்ணன் மகள், நீங்கள் இதுவரை நேரில் பார்த்திராதவள், வணக்கத்துடன் எழுதுவது. இங்கே யாவரும் நலம் என்று தொடங்குவதுதான் முறை, தொடங்கிவிட்டேன். அது எவ்வளவு தூரம் உண்மை என்பதைக் கீழே படித்துவிட்டு நீங்களே முடிவு செய்துகொள்ளலாம். உங்கள் முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது என்று அம்மா கேட்கச் சொன்னாள். அப்பா எதுவும் கேட்கச் சொல்லவில்லை.

இந்தக் காலத்தில் யாராவது மூன்று தாள் கடிதம் எழுதுவார்களா என்று நீங்கள் நினைக்கலாம். கைப்பேசியிலேயே நான்கு வரி தட்டி அனுப்பியிருப்பேன். ஆனால் என் கைப்பேசி இப்போது கீழ்வீட்டுத் தையல்கடையில், நூல்கண்டுகள் வைக்கும் அலமாரியில் இருக்கிறது. அங்கே போய்த் தட்டினால் தெருவே படிக்கும். அது அங்கே போனதற்கு நான்தான் காரணம். அதைச் சொல்லி, உங்களிடம் ஒரு விஷயத்தை எப்படியாவது பக்குவமாகத் தெரிவிக்க வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பட்டாளத்திலிருந்து ஓய்வு பெறுவதற்கு முன்னால் பத்து நாள் விடுப்பு மிச்சம் இருக்கிறது, இருபதாம் தேதி வந்து எங்களோடு தங்கலாமா என்று கேட்டு நீங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. இத்தனை வருடமும் உங்கள் கடிதங்களை அப்பா பிரித்ததில்லை. வாங்கி, இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்து, மேசைமேல் வைத்துவிட்டுக் கை கழுவப் போவார். அந்த இடைவெளியில் அம்மா பிரித்துப் படித்துவிடுவாள். இந்தக் கடிதத்தை அம்மா சத்தமாகவே படித்தாள். அப்பா துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே வந்து, "பட்டாளத்துலேர்ந்து வந்த எதுவும் இந்த வீட்டு வாசப்படி மிதிக்கக் கூடாது. அவ்வளவுதான்" என்றார். இருபத்துமூன்று வருடங்களாக அவர் உங்களைப் பற்றிச் சொல்லும் ஒரே வாக்கியம் அது. கோபத்தின் காரணம் எனக்குத் தெரியாது. அம்மாவைக் கேட்டால், "அண்ணன் தம்பி விவகாரத்துல நான் எதுக்குத் தலையைக் குடுக்கணும்" என்பாள்.

சித்தப்பா, நான் வீட்டில் அதிகம் பேசுகிறவள் இல்லை. அச்சகத்தில் பிழை திருத்துகிறேன். அடுத்தவர் எழுதியதில் புள்ளி விட்டுப்போனால் கண்டுபிடிப்பேனே தவிர, என் வாயிலிருந்து ஒரு முழு வாக்கியம் வருவது அபூர்வம். அன்றைக்குச் சாப்பிட உட்கார்ந்தபோது என்னவோ வந்துவிட்டது. உங்களுக்காகத்தான். உங்களை வர விடுவார் என்று நினைத்து, "அப்பா, அப்படிப் பாத்தா நம்ம வீட்டு இன்டர்நெட்கூடப் பட்டாளத்துலேர்ந்து வந்ததுதான்" என்று சொல்லிவிட்டேன்.

அப்பா சோற்றில் வைத்த கையை எடுத்தார். "என்னது?"

"ஒரு நாட்டுப் பாதுகாப்புத் துறைதான் பணம் குடுத்து ஆரம்பிச்சது. தூரம் தூரமா இருந்த கம்ப்யூட்டரை எல்லாம் இணைக்கறதுக்கு. குண்டு போட்டாலும் தாங்கணும்னு செஞ்சதா நிறையப் பேர் சொல்வாங்க, ஆனா செஞ்சவங்களே அது இல்லைன்னாங்க. ஆராய்ச்சி பண்றவங்க ஒருத்தர் கம்ப்யூட்டரை இன்னொருத்தர் பயன்படுத்தறதுக்காக..."

"பணம் யாரு குடுத்தது?"

"பாதுகாப்புத் துறை."

"அப்போ பட்டாளம்தான்."

"முதல் நாள் அனுப்பின முதல் வார்த்தையே முழுசாப் போகலை அப்பா. அஞ்சு எழுத்துல ரெண்டு எழுத்து போனதும் மிஷின் படுத்துடுச்சு."

"இன்னிக்கும் அதே கதைதானே" என்று சொல்லிவிட்டு அப்பா எழுந்து போய், சுவரில் பச்சை விளக்கோடு மினுக்கிக்கொண்டிருந்த பெட்டியின் இணைப்பைப் பிடுங்கினார். என் வாதத்தின் முடிவு, இணையம் இருக்கலாம் என்றால் தம்பியும் வரலாம் என்பது. அப்பா எடுத்துக்கொண்ட முடிவு, தம்பி வரக்கூடாது என்றால் இணையமும் கூடாது என்பது. தர்க்கப்படி இரண்டும் சரி என்பதுதான் கொடுமை. சொன்ன சொல்லில் நிற்கிற மனிதர் என்று அப்பாவை ஊரே சொல்லும். கூடவே இருந்து பார்த்தால்தான் அது எவ்வளவு பெரிய தொந்தரவு என்று தெரியும். பெட்டியும் என் கைப்பேசியும் அன்று மாலையே தையல்காரம்மாவின் கடைக்குப் போயின. அப்பா, அம்மாவின் பட்டன் வைத்த சாதாரண போன்கள் இரண்டும், பேசுவதற்கு மட்டும் என்பதால், தப்பித்தன.

அத்தோடு முடிந்திருக்கும். அப்பா, "வேற என்ன இருக்கு?" என்று கேட்டார். நான் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தேன். அம்மாதான், எனக்குப் பெருமை சேர்ப்பதாக நினைத்துக்கொண்டு, "அதைப் பத்தித்தானே அவ காலேஜ்ல ஒரு புஸ்தகமே எழுதிக் குடுத்தா" என்று, பீரோவின் மேல் தட்டிலிருந்து நீல அட்டை போட்ட என் இறுதியாண்டு ஆய்வேட்டை எடுத்துக் கொடுத்தாள். 'போரிலிருந்து வீட்டுக்கு: அன்றாடப் பொருட்களின் வரலாறு', எழுபத்திரண்டு பக்கம். நம் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான் என்பதால் அந்த ஏட்டைத் தூசி தட்டி வைப்பார்களே தவிர யாரும் திறந்ததில்லை. எனக்கு வழிகாட்டிய பேராசிரியரே முன்னுரையோடு நிறுத்திக்கொண்டார் என்பது என் சந்தேகம். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்ட அப்பா, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒரு பென்சிலை எடுத்துக்கொண்டு, விரலால் வரியைத் தொட்டுத் தொட்டு, நாளைக்குப் பத்துப் பக்கம் வீதம் ஒரு வரி விடாமல் படிக்க ஆரம்பித்தார். சித்தப்பா, என்னைப் படிக்கிற முதல் வாசகர் அவர்தான்! சந்தோஷப்படலாம் என்று பார்த்தால், அவர் பென்சிலால் அடிக்கோடு போட்ட பொருள் எல்லாம் மறுநாள் காலை வீட்டை விட்டுப் போயிற்று.

முதலில் மைக்ரோவேவ் அடுப்பு. ரேடாருக்கான கருவியின் பக்கத்தில் நின்ற ஒரு பொறியாளரின் சட்டைப்பையில் இருந்த மிட்டாய் உருகியதிலிருந்து அது பிறந்தது என்று இரண்டாம் அத்தியாயத்தில் கொஞ்சம் ரசித்தே எழுதியிருந்தேன். இனி ரசித்து எழுதமாட்டேன். அப்பாவே அதைத் தூக்கிக்கொண்டு படி இறங்கினார். இப்போது அம்மா பாத்திரத்தை எடுத்துக்கொண்டு தையல்கடைக்குப் போய்ச் சூடு பண்ணிக்கொண்டு வருகிறாள். மாடி ஏறுவதற்குள் ஆறிவிடுகிறது. அடுத்தது டின் மீனும் ஜாம் பாட்டிலும். பட்டாளத்துக்குக் கெடாத சாப்பாடு கொண்டுபோக வழி சொல்பவருக்குப் பரிசு என்று அந்தக் காலத்தில் ஓர் அரசு அறிவித்தது, மிட்டாய் செய்கிற ஒருவர் உணவைப் பாட்டிலில் அடைத்துக் காய்ச்சிப் பரிசை வாங்கினார் என்று ஒரே ஒரு பத்தி எழுதியிருந்தேன். அந்த ஒரு பத்திக்கு அலமாரியில் ஒரு தட்டே காலி.

மூன்றாம் அத்தியாயம் கைக்கடிகாரம். அப்பா வாடகைக் கார் ஓட்டுவது உங்களுக்குத் தெரியும். பத்து வருடம் விபத்தே இல்லாமல் ஓட்டியதற்காக டிராவல்ஸ் முதலாளி கொடுத்த கடிகாரம் அது. குளிக்கும்போதுகூடக் கழற்றி ஜன்னலில், கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் வைப்பார். ஆண்கள் பையில்தான் கடிகாரம் வைத்திருந்தார்கள், பதுங்குகுழியில் இருந்த சிப்பாய்களால்தான் அது மணிக்கட்டுக்குப் பரவலாக வந்தது என்ற வரியை அப்பா மூன்று முறை படித்தார். பிறகு கடிகாரத்தைக் கழற்றினார். மணிக்கட்டில் வெள்ளையாக ஒரு வட்டம் மட்டும் இருந்தது. எனக்கு மனசு கேட்கவில்லை. "அப்பா, பொம்பளைங்க அதுக்கு முன்னாடியே கையில கட்டிக்கிட்டிருந்தாங்க, அடுத்த வரியில போட்டிருக்கேன் பாருங்க" என்றேன். அவர் படித்தார். நியாயமான மனிதர். "அப்போ உங்கம்மாவோடது இருக்கலாம். அது பட்டாளத்துக்கு முந்தினது" என்று தீர்ப்புச் சொன்னார். விளைவு, எங்கள் வீட்டில் மணி தெரிந்த ஒரே ஆள் அம்மா. அப்பா ஒவ்வொரு தடவையும் அம்மாவைத்தான் கேட்க வேண்டியிருக்கிறது. "மணி என்ன?" என்றால், அம்மா கையைப் பார்க்காமலே, "கடைக்குப் போற நேரம்" என்கிறாள். இருபத்துநான்கு வருடத் தாம்பத்தியத்தில் அம்மா இவ்வளவு நிம்மதியாக இருந்து நான் பார்த்ததில்லை.

நான்காம் அத்தியாயத்தைப் பற்றி உங்களுக்கு எழுதக் கூச்சமாக இருக்கிறது. போர்க்காலத்தில் காயத்துக்குக் கட்டும் பஞ்சை நர்சுகள் வேறொரு மாதாந்திர உபயோகத்துக்கு எடுத்துக்கொண்டார்கள், அதிலிருந்து ஒரு பொருள் கடைக்கு வந்தது என்பது விஷயம். அப்பா அந்தப் பக்கத்துக்கு வந்த நாளில் நான் சுவரைப் பார்த்துக்கொண்டு துணி மடித்துக்கொண்டிருந்தேன். பென்சில் சத்தம் நின்றது. அப்பா இருமினார். எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தார். திரும்பி வந்து ஏழு பக்கத்தை ஒன்றாகத் திருப்பிவிட்டு, "நாலாவது பாடம் அம்மா இலாகா" என்றார். அதைப் பற்றி இன்றுவரை பேச்சில்லை.

ஐந்தாம் அத்தியாயத்தில் சிப்பாய்கள் முதுகில் சுமந்த ரேடியோ வருகிறது. அதிலிருந்து கைப்பேசிவரை ஒரு கோடு இழுத்திருந்தேன். அம்மா தினமும் தன் அக்காவோடு பேசும் பட்டன் போனுக்கு ஆபத்து. "எத்தனாவது பக்கம்?" என்று மட்டும் கேட்டாள். மறுநாள் பார்த்தால் நாற்பத்தொன்றும் நாற்பத்துநான்கும் அடுத்தடுத்து இருக்கின்றன. நடுவில் உள்ள இரண்டு பக்கங்களும் ஒன்றோடொன்று பசையால் ஒட்டியிருக்கின்றன. அப்பா கண்டுபிடிக்கவில்லை. நீங்களும் தயவுசெய்து யாரிடமும் சொல்ல வேண்டாம்.

ஆனால் ஆறாம் அத்தியாயத்தை யாராலும் ஒட்ட முடியவில்லை. வழி காட்டும் செயற்கைக்கோள்கள். காரில் "இருநூறு மீட்டரில் இடப்புறம் திரும்பவும்" என்று சொல்லும் பெண்குரலோடு அப்பாவுக்கு மூன்று வருடப் பழக்கம். சில நாள் பதிலும் சொல்வார். அந்தக் குரலுக்குப் பின்னால் ஒரு நாட்டுப் பட்டாளத்தின் செயற்கைக்கோள் இருக்கிறது என்று படித்ததும், காரிலிருந்த அந்தக் கருவியைக் கழற்றித் துணியில் சுற்றி அதையும் கீழே கொடுத்துவிட்டார். மறுநாள் சவாரி, ஊருக்கு வெளியே ஒரு பள்ளிக்கூடத்தில் தேர்வு நடத்தப் போகும் கண்காணிப்பாளர். கையில் முத்திரை வைத்த கேள்வித்தாள் கட்டு. பாதி வழியில் அவர், "டிரைவர், என் போன்ல மேப் இருக்கு, போடட்டுமா?" என்று கேட்டிருக்கிறார். அப்பா, "உங்க போன்ல இருக்கட்டும் சார். என் வண்டி அது பேச்சைக் கேக்காது" என்று சொல்லியிருக்கிறார். சைக்கிள் கடையில் நின்ற மூன்று பேரிடம் வழி கேட்டதில் நான்கு வழி கிடைத்திருக்கிறது. நான்கையும் பார்த்துவிட்டுத்தான் பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்தார்கள். ஒரு மணி நேரம் தாமதம். தேர்வு ஒத்திவைக்கப்பட்டது. கண்காணிப்பாளர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்ததாம். மைதானத்தில் இருந்த முந்நூறு பிள்ளைகளும் அப்பாவின் காரைச் சுற்றி நின்று கை தட்டினார்களாம். டிராவல்ஸ் முதலாளிக்குக் கைதட்டல் கேட்கவில்லை. ஒரு வாரம் வண்டி தரமாட்டேன் என்றுவிட்டார். அதனால் அப்பாவுக்குப் படிக்க இன்னும் நேரம் கிடைத்தது.

தையல்கடையில் இப்போது நிற்க இடமில்லை. எங்கள் வீடு முக்கால்வாசி அங்கேதான் இருக்கிறது. இணையப் பெட்டி அங்கே மினுக்குவதால் தெருவில் பாதிப் பேர் படியில் உட்கார்ந்திருக்கிறார்கள். நேற்று முன்தினம் அப்பா தன் கால்சட்டை ஒன்றை எடுத்துக்கொண்டு போய், ஜிப்பை எடுத்துவிட்டுப் பொத்தான் வைக்கச் சொன்னார். தையல்காரம்மா கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள்.

"ஏண்ணே, உங்க வீட்ல சாமான் எல்லாம் இங்க வந்தாச்சு. இனிமே நீங்களும் அண்ணியும்தான் பாக்கி. பேசாம ஒரு பாய் போட்டுடவா?"

"ஜிப் பட்டாளத்து சாமான்மா."

"யாரு சொன்னா?"

"எம் பொண்ணு எழுதியிருக்கா."

நான் பின்னாலேயே நின்றுகொண்டிருந்தேன். ஜிப் பட்டாளத்தில் பிறந்ததில்லை, பட்டாளம் பிற்பாடு வாங்கிப் பயன்படுத்தியது, அவ்வளவுதான் என்று அறுபதாம் பக்கத்தில் தெளிவாக எழுதியிருக்கிறேன் என்று மெதுவாகச் சொன்னேன். அப்பா மாடிக்குப் போய் ஏட்டைக் கொண்டுவந்து, படியில் உட்கார்ந்திருந்தவர்கள் முன்னிலையில் அந்தப் பக்கத்தை உரக்கப் படித்துவிட்டு, "சரி. ஜிப்புக்கு விடுதலை" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். தையல்காரம்மா மட்டும், "ஜிப்புக்குக் காட்டற நியாயத்தைக் கூடப்பொறந்தவனுக்குக் காட்டினா என்ன?" என்று ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே கேட்டாள். அப்பாவின் முகம் சுருங்கிவிட்டது. கால்சட்டையை வாங்கிக்கொண்டு மாடிக்கு வந்துவிட்டார். அன்று சாப்பிடவும் இல்லை.

இதைப் பார்த்த பிறகுதான் சித்தப்பா, நான் ஒரு முடிவுக்கு வந்தேன். ஜிப்புக்கே இந்த விசாரணை என்றால் உங்களுக்கு என்ன நடக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன். பெட்டியோடு வந்து வாசலில் நிற்பீர்கள். அப்பா ஒரு வார்த்தை சொல்லமாட்டார். சொல்லாமலே உங்களைத் தையல்கடைக்கு அனுப்பிவிடுவார். அங்கே மைக்ரோவேவுக்கும் ஜாம் பாட்டிலுக்கும் நடுவில் நீங்கள் உட்கார்ந்திருப்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. நான் வாயைத் திறந்தது உங்களை அழைத்து வருவதற்காக. அது வீட்டில் இருந்ததையும் வெளியே அனுப்பியதுதான் மிச்சம். ஆகவே மிகுந்த வருத்தத்தோடு எழுதுகிறேன்: இருபதாம் தேதி நீங்கள் வரவேண்டாம். என்றைக்கு வரலாம் என்றும் என்னால் சொல்ல முடியவில்லை. இதை உங்கள் அண்ணனின் சொல்லாக எடுத்துக்கொள்ளாமல், என் அவசரப் பேச்சின் விளைவாக எடுத்துக்கொண்டு என்னை மன்னிக்க வேண்டும்.

ஓய்வுக்குப் பிறகு வெயிலில் அதிகம் நிற்க வேண்டாம் என்றும், முழங்காலுக்குச் சூடான எண்ணெய் தடவ வேண்டும் என்றும் அம்மா எழுதச் சொன்னாள். பெரியவர்களுக்கு நான் ஆசி சொல்லக் கூடாது. உங்கள் ஆசியை வாங்கிக்கொள்ளலாம். எனவே தபாலில் அனுப்பிவையுங்கள்.

பணிவுடன்,
உங்கள் அண்ணன் மகள்

பின்குறிப்பு: மேலே "வரவேண்டாம்" என்று எழுதியிருப்பதை அடித்துவிடும்படி எனக்கு உத்தரவு. கடிதத்தை உறையில் போடாமல் மேசைமேல் வைத்துவிட்டு அச்சகத்துக்குப் போய்விட்டேன். என் கையெழுத்தில் எது கிடந்தாலும் படிக்கிற வழக்கம் அப்பாவுக்கு வந்துவிட்டது என்பதை மறந்துவிட்டேன். மாலையில் நான் படியேறியபோது மூன்று தாளையும் விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். (நாற்பத்தொன்றாம் பக்கம் பற்றியும் இப்போது அவருக்குத் தெரியும். அம்மா, "பசை தானா ஒட்டிக்கிச்சு" என்று சாதிக்கிறாள்.)

"யாரைக் கேட்டு வரவேண்டாம்னு எழுதின?"

"நீங்கதானே அப்பா வாசப்படி மிதிக்கக் கூடாதுன்னு..."

"நான் சொன்னேன். நான் அவனுக்கு அண்ணன், ஆயிரம் சொல்லுவேன். என் தம்பியை வராதேன்னு சொல்ல நீ யாரு?"

"நல்லாக் கேளுங்க" என்று சமையலறையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. யாரைச் சொன்னாள் என்று தெரியவில்லை.

அப்பா மூன்று தாளையும் அடுக்கி வைத்தார். பிறகு, "இந்த இன்டர்நெட் இப்பவும் பட்டாளத்துலதான் இருக்கா?" என்று கேட்டார். இல்லை, வெளியே வந்து முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது, இப்போது எல்லோருக்கும் பொது என்றேன். "அப்போ ரிடையர் ஆயிடுச்சு" என்றார். அப்படியும் சொல்லலாம் என்றேன். மைக்ரோவேவ்? அதுவும் என்றேன். கடிகாரம்? அது எப்போதோ என்றேன். வழி காட்டும் செயற்கைக்கோளைக் கேட்டபோது பொய் சொல்ல வரவில்லை. அது இன்னும் பட்டாளத்தின் கையில்தான் இருக்கிறது, நம்மையும் பார்க்க விடுகிறார்கள் என்றேன். "அது வேண்டாம். சர்வீஸ்ல இருக்கு. மத்தது வரலாம்" என்றார். இப்படியாக எங்கள் வீட்டுச் சட்டம் திருத்தப்பட்டது. இன்று காலை அம்மாவும் தையல்காரம்மாவும் சாமான்களை மாடிக்கு ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள்; படியில் உட்கார்ந்திருந்தவர்கள்தான் வருத்தத்தில் இருக்கிறார்கள்.

உங்களுக்கான தீர்ப்பு இது: முப்பதாம் தேதிவரை நீங்கள் சர்வீஸ். விடுப்பில் இருந்தாலும் சர்வீஸ்தான். எனவே இருபதாம் தேதி கூடாது. ஒன்றாம் தேதி வாருங்கள்.

இதை எழுதி முடித்ததும், "இன்னும் ஒண்ணு எழுது" என்றார். எழுதுகோலைக் கையில் வைத்துக்கொண்டு நான் காத்திருந்தேன். ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "அவன் போன அன்னிக்கு உங்கம்மா மூணு தட்டு வெச்சுட்டு உக்காந்திருக்கா. நான் வாசல்ல நிக்கறேன். முடி வெட்டறவர் கடையை மூடிட்டு வர்றாரு. 'பட்டாளத்துக்குப் போறேன், ஒட்ட வெட்டுங்கன்னு உங்க தம்பி சொன்னானே, ரயிலேறிட்டானா?'ன்னு என்னைக் கேக்கறாரு. எனக்கு முன்னாடியே தெரிஞ்ச மாதிரி தலையை ஆட்டினேன்மா. முடி வெட்டறவருக்குச் சொல்லியிருக்கான்."

அவ்வளவுதான் சொன்னார். எழுந்துபோய்க் கை கழுவினார்.

ஆகவே சித்தப்பா, எந்த ரயில், எத்தனை மணி என்பதை அப்பா பெயருக்கே எழுதுங்கள். அந்தக் கடிதத்தை அவரே பிரிப்பார். முடி வெட்டிக்கொள்ள வேண்டியிருந்தால், தயவுசெய்து இங்கே வந்து வெட்டிக்கொள்ளுங்கள்.